அறுபதில் வரும் நடுக்கம்

ஜூன் 3, செவ்வாய்

மாட்டுத்தீவனக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டயரி இது. இன்றிலிருந்து இதில் ஜீப்பின் உடல்நிலையை மட்டும் எழுதி வைப்பதாக முடிவு. வேறு எதையும் எழுதமாட்டேன். எனக்கு டயரி எழுதும் பழக்கமும் இல்லை, எழுதுகிறவர்கள் மேல் மரியாதையும் இல்லை.

நோயாளி: சின்ன ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும் வகை. செகண்ட் ஹாண்ட். உரிமையாளர்: வைத்தியலிங்கம், வயது நாற்பத்து மூன்று, கால்நடை மருத்துவர், கடம்பூர் மலை. அறிகுறி ஒன்று: ஸ்டீயரிங் பிடிப்பே இல்லாமல் லேசாக இருக்கிறது. நேராகப் போ என்றால் யோசித்துவிட்டுத்தான் போகிறது. அறிகுறி இரண்டு: வேகம் அறுபதைத் தொட்டால் ஸ்டீயரிங் காய்ச்சல் கண்ட கன்றுக்குட்டி மாதிரி உதறுகிறது.

மருந்தகத்தின் உதவியாளர் பொங்கியண்ணனிடம் சொன்னேன். இந்த மலைக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது, எதற்கும் அசரமாட்டார்.

"மலையில முப்பதத் தாண்டவே முடியாதுங்களே டாக்டர். அறுவதுல எங்க போனீங்க?"

"சத்தியமங்கலத்துக்குப் போற ரோட்டுல."

"அப்பச் சத்திக்குப் போகாதீங்க. தீந்துது."

இப்படிச் சொல்கிறவரோடு நான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன்.

ஜூன் 7, சனி

சத்தியமங்கலம் பைபாஸ் ஓரத்தில் ஒரு வீல் அலைன்மென்ட் கடையைப் பார்த்து நிறுத்தினேன். ஓனர் இல்லையா என்று கேட்டேன். ஒரு வேனுக்கு அடியிலிருந்து பெண் ஒருவர் எழுந்து வந்தார். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். நெற்றியில் பொட்டுக்குப் பக்கத்தில் கிரீஸ்.

"நாந்தானுங்க ஓனரு. தெய்வானை. வண்டிக்கு என்னங்க பண்ணுது?"

"ஸ்டீயரிங் லைட்டா இருக்கு. அப்புறம் ஆடுது."

"லைட்டா ஆடுதுங்களா, நல்லா ஆடுதுங்களா?"

"நல்லாவே ஆடுது. லைட்டா இருக்கறது ஸ்டீயரிங்."

"ஆட்டம் லைட்டு இல்ல, ஸ்டீயரிங்தான் லைட்டு. செரிங்க."

மாட்டுக்காரர்களிடம் நான்தான் இப்படிக் கேட்டுக் கேட்டு நோயைப் பிரித்தெடுப்பது வழக்கம். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அவரே ஓட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அறுபது வந்ததும் நடுங்கியது. அவர் நாடி பிடிப்பதுபோல இரண்டு விரலை ஸ்டீயரிங் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, முன் சக்கரம் இரண்டும் ஒரு பக்கம் கனம் என்றார். கடைக்கு வந்து, சக்கரத்தை மிஷினில் சுழற்றி, விளிம்பில் சின்னச் சின்ன ஈயக்கட்டிகள் பதித்தார். நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

"லைட்டா இருக்கறதுக்கு வேற காரணமுங்க. முன்னால வச்சிருந்த ஆளு வண்டிய ஒசத்திக் கட்டியிருக்காரு. அதுல சக்கரத்தோட சாய்வு போயிருச்சு. சைக்கிள்ல முன் கம்பி சாஞ்சு இருக்கறதாலதானுங்க கைய உட்டாலும் நேராப் போகுது. இதுக்கு ஆப்பு வைக்கணும்."

"எனக்கா?"

"வண்டிக்குங்க." அவர் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார். இரும்பு ஆப்பு லேத்தில் கடைந்து வரவேண்டுமாம். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

புறப்படும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க, சாவிய வச்சுட்டுப் போறீங்களே."

நான் மாயவரத்துக்காரன். எங்கள் பக்கம் ஒரு பெண் ஓர் ஆணை 'ஏங்க' என்று கூப்பிட்டால் அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று பொருள். சாவியை வாங்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. வண்டியில் நடுக்கம் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஏனுங்க.

ஜூன் 10, செவ்வாய்

வண்டியை ஒப்படைக்கும் கடையின் தரத்தை விசாரிப்பது உரிமையாளரின் கடமை. பொங்கியண்ணனிடம் விசாரித்தேன்.

"நல்ல கடைங்க. அந்தம்மா ஆட்டோமொபைல் டிப்ளமோ படிச்சதுங்க. அப்பன் கடை. ஊட்டுக்காரரோட ஒத்துவராமப் பிரிஞ்சு ஏழெட்டு வருசம் ஆச்சு. கோர்ட்டுலயே முடிஞ்சுபோச்சுங்க."

கடைசி இரண்டு தகவலுக்கும் கடையின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. கிடைத்த தகவலை விடக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மாலையில் அம்மா போன் பண்ணினாள். மாறுதல் விண்ணப்பம் என்னாச்சு என்று கேட்டாள். நான்கு வருஷமாக எழுதிப் போடுகிறேன். இந்த வருஷம் மாயவரம் பக்கம் ஓரிடம் காலியாவதாகப் பேச்சு. போன மாதம்வரை இதைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவு சந்தோஷம். இன்று ஸ்டீயரிங் கவலையில் சரியாகக் காதில் விழவில்லை.

ஜூன் 14, சனி

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிரீஸ் கடைக்கு ஏன் போகிறீர்கள் என்று பொங்கியண்ணன் கேட்டார். துவைத்ததில் அதுதான் காய்ந்திருந்தது. முடிவெட்டிக்கொண்டது வெயிலுக்காக.

ஆப்பு வைத்தாகிவிட்டது. ஸ்டீயரிங் இப்போது அளவான கனம். திருப்பினால் திரும்புகிறது, விட்டால் தானாக நேராகிறது. நான்கு வருஷத்தில் இந்த வண்டி என் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் முறை.

"இனி ஆறு மாசத்துக்கு நீங்க இந்தப் பக்கமே வரவேண்டியதில்லீங்க" என்றார் தெய்வானை. வேலையை முடித்தவர் பெருமையாகச் சொல்கிற வார்த்தை. சுவர்க் காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், டிசம்பர் வந்துவிடுகிறது. சர்வீஸ் தேதி தெரிந்திருப்பது நல்லது.

அந்த நேரத்தில் டீக்காரக் கிழவர் தூக்கோடு வந்தார். "ஏனுங்க, இன்னிக்கு எனக்குச் சக்கரை கம்மி" என்றார் தெய்வானை. பிறகு காற்றுப் பிடிக்க வந்த லாரிக்காரரையும் ஏனுங்க. தண்ணீர் கேன் போடுகிறவரையும் ஏனுங்க.

மலை ஏறியதும் பொங்கியண்ணனிடம் இந்த 'ஏனுங்க' பற்றிப் பொதுவாகக் கேட்டேன். "எங்கூருல நாயக்கூட வாங்க போங்கன்னுதானுங்க சொல்லுவோம்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

வண்டி மிக நன்றாக இருக்கிறது. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. என்ன பயன்.

ஜூன் 18, புதன்

முன் சக்கரத்தைக் கழுவும்போது ஈயக்கட்டி ஒன்று கையோடு வந்துவிட்டது. சரியாகப் பதியவில்லை போலிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் தற்செயலாகக் கையில் இருந்தது.

ஜூன் 19, வியாழன்

காலையில் ஒரு பிரசவக் கேஸ். கன்று கால் மடங்கிக் கிடந்தது. திருப்பி எடுத்தேன், இரண்டும் நலம். திரும்பும்போது காட்டுப் பாதையில் முன் சக்கரம் ஒரு பாறையில் மோதி, ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பி, என் வலது கட்டைவிரலை அடித்துவிட்டது. நன்றாக வீங்கிவிட்டது. மாட்டுக் களிம்புதான் போட்டேன். மனிதக் களிம்பைவிட நன்றாகக் கேட்கிறது.

ஜூன் 21, சனி

எதிர்பார்த்ததுபோல அறுபதில் நடுக்கம். வியப்பாக இருக்கிறது. கடைக்குப் போகவேண்டியதாயிற்று.

தெய்வானை சக்கரத்தைப் பார்ப்பதற்குமுன் என் விரலைப் பார்த்தார். "ஸ்டீயரிங்ல கட்டவெரல உள்ள கொடுத்துப் புடிச்சீங்களா?"

எல்லாரும் அப்படித்தானே பிடிப்பார்கள் என்றேன்.

"தார் ரோட்டுல புடிக்கலாமுங்க. கல்லுப் பாதையில கட்டவெரலு வெளியதான் இருக்கோணும். சக்கரம் மோதுனா ஸ்டீயரிங் சுத்தும், உள்ள இருக்கற வெரல ஒடிச்சுப்போடும்." என் இரண்டு கையையும் எடுத்து ஸ்டீயரிங் மேல் வைத்து, கட்டைவிரல்களை வெளியே எடுத்து விளிம்போடு சேர்த்து வைத்தார். "இப்புடி. மாட்டுக்குள்ள கைய உடற ஆளு, வெரல ஒடிச்சுக்கிட்டா எப்புடிங்க?"

பின்பு ஈயக்கட்டி விழுந்த இடத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். புதிதாக ஒன்று பதித்தார். வாரம் ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொல்வாரோ என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

வழிநெடுக விரல்களை அவர் வைத்த இடத்திலேயே வைத்து ஓட்டினேன். பாதுகாப்பு முக்கியம்.

ஜூன் 26, வியாழன்

இரண்டு கட்டிகள் விழுந்துவிட்டன. இடது பக்கமும்.

ஜூன் 28, சனி

இன்று நிலைமை மோசமாகிவிட்டது.

தெய்வானை சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "தானா உழுந்தா இந்தக் கீறல் வராதுங்க. இது ஸ்க்ரூடிரைவர் உட்டு நெம்புனது. ஆரோ வேணும்னே பண்றாங்க. மலையில உங்களுக்கு ஆராச்சும் எதிரி இருக்காங்களா டாக்டர்?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "இருக்காங்க" என்று வந்தது.

"ஆருங்க?"

"ஒருத்தர். மாட்டுக்குச் சினை ஊசி போட்டேன். சினை பிடிக்கலை."

"எத்தன தடவ?"

"மூணு தடவ."

"அதுக்கு வண்டியவா நெம்புவாங்க?" அவர் முகத்தில் ஒரு கவலையும் காணோம். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி என்னைப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்துப் பொங்கியண்ணனைக் கூப்பிட்டார். இருவரும் ஒருவருக்கொருவர் தூரத்துச் சொந்தமாம். ஜூன் பத்தாம் தேதி நான் விசாரித்தபோது பொங்கியண்ணன் இதைச் சொல்லவில்லை.

"ஏனுங்க மாமா, இன்னிக்கிருந்து டாக்டரு வண்டியில நீங்க படுத்துக்கோங்க. ஒரு பய கிட்ட வரக்கூடாது."

ஜூலை 1, செவ்வாய்

பொங்கியண்ணன் ஜீப்பில் கொசுவலை கட்டிவிட்டார். காலையில் நான் கையில் வாளியோடு சக்கரத்தருகே போனதும் வலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "கழுவறதெல்லாம் நானே பாத்துக்கறனுங்க டாக்டர்" என்றார். ஸ்க்ரூடிரைவரை ஒருநாள் கேட்டு வாங்கிக்கொண்டவர் திருப்பித் தரவே இல்லை.

ஜூலை 5, சனி

சத்தி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். அறுபது. எழுபது. நடுக்கம் இல்லை. எண்பதிலும் இல்லை. கடை வாசலில் வேகத்தைக் குறைத்தேன். உள்ளே தெய்வானை ஒரு காருக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். போய் என்ன சொல்வது? வண்டி குணமாகிவிட்டது என்றா? நேராகப் போய், மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு மலை ஏறிவிட்டேன். கொத்தமல்லி மலையிலும் கிடைக்கும்.

பொங்கியண்ணன் கொத்தமல்லியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டைப் பிரித்துப் பாதியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். ரசத்துக்காம்.

ஜூலை 9, புதன்

மாறுதல் ஆர்டர் வந்துவிட்டது. மாயவரத்திலிருந்து ஏழு மைலில். வேண்டும் அல்லது வேண்டாம் என்று திங்கட்கிழமைக்குள் எழுதித் தரவேண்டும்.

நான்கு வருஷம் காத்திருந்தது வந்துவிட்டது. அம்மா போனில் அழுதாள். நான் சந்தோஷப்பட முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

கடைக்குப் போனேன். தெய்வானை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன கம்ப்ளைன்ட்டுங்க?"

"கம்ப்ளைன்ட் இல்ல. மாறுதல் வந்திருக்கு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எந்த ஊருக்குங்க?"

"எங்க ஊருக்கே. மாயவரம் பக்கம்."

"சமதளமுங்களா?"

"மேடுன்னா அங்க வரப்புதான்."

"அப்ப இந்த வண்டி அங்க வேண்டியதில்லீங்க. இங்கயே வித்துப்போட்டுப் போங்க. நல்ல கண்டிஷன்ல இருக்குது." கையைத் துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சொல்லாமல் போனால் ஆயுசுக்கும் தொண்டையில் நிற்கும் என்று தோன்றியது. "ஈயத்தை நெம்பினது நான்தான்" என்றேன்.

"தெரியுமுங்க."

"எப்போதிலிருந்து?"

"மொதக் கட்டியிலிருந்து."

"அப்புறம் ஏன் எதிரி யாருன்னு கேட்டீங்க? பொங்கியண்ணனை ஏன் காவல் படுக்கச் சொன்னீங்க?"

"வண்டியில கோளாறு இருந்தா நீங்க வர்றீங்க. கோளாறு இல்லாட்டி வர்றீங்களான்னு பாக்கோணுமில்லீங்க?" என்றார். "போன சனிக்கிழம கட வாசல்ல ஸ்லோ பண்ணிப்போட்டு, நேராப் போனீங்க. பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். இன்னிக்கு வந்திருக்கீங்க. அதுக்கும் ஒரு காரணம் வச்சிருக்கீங்க."

சாவியைத் தேடினேன், கையிலேயே இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. மூன்று வார்த்தை சொல்ல முடியாத ஆளுக்கு ஊர் முழுக்க டாக்டர் டாக்டர் என்று மரியாதை.

ஜூலை 12, சனி

அம்மாவுக்கு நானே போன் பண்ணி, மாறுதல் வேண்டாம் என்று எழுதித் தரப்போவதாகச் சொன்னேன். நான்கு வருஷமாக நான் புலம்பியதையெல்லாம் கேட்டவள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை நிறுத்தினாள்.

"அந்த மலையில உனக்கு என்னடா இருக்கு?"

"வண்டி இருக்கும்மா. இப்பதான் சரி பண்ணியிருக்கு. சமதளத்துல அது வீணாப் போயிடும்."

"வண்டிக்கு என்ன பேரு?"

வண்டிக்கெல்லாம் யாரும் பெயர் வைப்பதில்லை என்று சொல்லவந்தேன். நாற்பத்து மூன்று வயதில் அம்மாவிடம் பொய் சொல்லி எத்தனை நாள் ஓட்டுவது.

"தெய்வானை" என்றேன்.

"நல்ல பேரு" என்றாள் அம்மா. "வேலையெல்லாம் செய்யுமா?"

"என்னைவிட நல்லா செய்யும்."

"அது பெரிய விஷயமில்ல. அவகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"உங்கப்பா மாதிரியே வந்து பொறந்திருக்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். எனக்குத் தெரிந்து அப்பாவைப் பற்றி அவள் சொன்ன பெரிய குற்றச்சாட்டு இதுதான்.

ஜூலை 14, திங்கள்

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி ஏன் என்று கேட்டார். மலை மாடுகளுக்கு என்னை விட்டால் ஆளில்லை என்றேன். அவர் நம்பினார். பக்கத்தில் நின்ற பொங்கியண்ணன் இருமினார்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று கிளம்பினேன். மலையிறங்கி முடிக்கும்போது சொல்ல ஒரு காரணம் தோன்றியது: மாறுதலை மறுத்துவிட்டேன் என்று தெரிவிப்பது. இதுவும் காரணம்தானே என்று பட்டதும் பயந்து திரும்பிவிட்டேன். பெட்ரோல்தான் போனது.

ஜூலை 16, புதன்

எந்தக் காரணமும் கொண்டுபோகக் கூடாது என்று வழி முழுக்கப் பிரார்த்தனை மாதிரி சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அழுக்குச் சட்டைதான். காலையில் கோழிகளுக்கு ஊசி போட்டது, இறகு ஒன்று தோளில் ஒட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மதியம் ஒரு மணி. கடையில் வண்டி ஒன்றும் இல்லை. தெய்வானை சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன கம்ப்ளைன்ட்டுங்க?"

"ஒண்ணும் இல்ல."

"மாறுதல் விசயமுங்களா?"

"அதுவும் இல்ல."

"பின்ன?"

"சும்மா வந்தேன்."

அவர் கையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. குழாயை மூடவில்லை.

"சும்மாங்களா?"

"சும்மாதான்."

குழாயை மூடினார். முந்தானையில் கையைத் துடைத்தார். மேஜைமேல் இருந்த எவர்சில்வர் கேரியரைத் திறந்து தட்டுகளை எடுத்து வைத்தார். இரண்டு தட்டு. சோறு, பருப்பு, பீர்க்கங்காய்ப் பொரியல். ஒருத்தர் சாப்பிடுகிற அளவு இல்லை.

"நான் வருவேன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்கெப்புடிங்க தெரியும்? சனிக்கிழமையிலிருந்து ரண்டு பேருக்குத்தான் கொண்டாந்துட்டு இருக்கேன். மிச்சத்த டீக்காரரு தின்னுட்டுப் போறாரு. இந்த வயசுல அவருக்குத் தொப்பை போட ஆரம்பிச்சிருச்சு." ஒரு தட்டை என் பக்கம் தள்ளினார். "நின்னுட்டே இருக்காதீங்க. கையக் கழுவிப்போட்டு வந்து உக்காருங்க."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.